துணைக்கு வந்தவர்

"இன்னும் எவ்வளவு நேரம்மா? நாங்க என்ன வேலை வெட்டி இல்லாதவங்களா?"

நரம்பு டாக்டரின் அறை வாசலில் நின்ற நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். மனைவியைக் கூட்டி வந்திருந்த எலெக்ட்ரீஷியன். வந்ததிலிருந்து இதே பாட்டுத்தான்.

"உங்களுக்கு முன்னாடி வந்தவங்க இருக்காங்க சார்."

முணுமுணுத்தபடி மனைவி பக்கம் திரும்பினார். "எல்லாம் உன்னாலதான். நேரத்துக்குச் சாப்பிட்டாத்தானே? சொன்ன பேச்சைக் கேட்டாத்தானே? இப்போ தலை சுத்துது, கால் தள்ளாடுதுன்னா?"



நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடம்பு முடியாதவளை நாலு பேர் முன்னால் இப்படியா வைவது? இந்த மனுஷனோடு எப்படித்தான் குப்பை கொட்டுகிறாளோ!

அவர்கள் முறை வந்தது. அந்தம்மா எழுந்து கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பார்த்து வா. விழுந்து தொலைக்காதே" என்று அதட்டிக்கொண்டே நடந்தார் அவர்.

உள்ளே டாக்டர் நிதானமாகக் கேட்டார். "சொல்லுங்கம்மா. எல்லாம் சுத்துற மாதிரி இருக்கா? இல்ல, நடக்கும்போது தள்ளாடுதா?"

"சுத்தல டாக்டர். தரை எங்க இருக்குன்னு காலுக்குத் தெரிய மாட்டேங்குது. வெளிச்சத்துல சமாளிச்சிடலாம். இருட்டுல சுவரைப் பிடிச்சாத்தான் நடை. முகத்துல சோப்பு போட்டுக் கண்ணை மூடினா ஆளே சாயுது."

"கை எப்படி இருக்கு?"

"பட்டன்கூட ஒழுங்கா போட வரல."

கணவர் குறுக்கே புகுந்தார். "அது பெருசா ஒண்ணும் இல்லதானே டாக்டர்? எனக்கும்தான் அப்படி இருக்கு. நான் தினம் ஏணி ஏறலையா?"

டாக்டரின் பேனா நின்றது. அவர் பார்வை அந்த மனிதரின் சட்டைக்குப் போனது. பட்டன்கள் ஓட்டை மாறி, சட்டை கோணலாகத் தொங்கியது.

"ஒரு சின்னச் சோதனை. ரெண்டு காலையும் சேர்த்து வெச்சு நின்னு, கண்ணை மூடணும். எழுந்திருங்கம்மா."

"பயமா இருக்கு டாக்டர். முதல்ல இவர் செஞ்சு காட்டட்டும்."

"இதுக்குமா பயம்? இந்தா பாரு!" அவர் விறைப்பாக நின்று கண்ணை மூடினார்.

மறுகணமே மரம் சாய்வதுபோல் சாய்ந்தார். நல்லவேளை, கூடவே உள்ளே வந்திருந்த நர்ஸ் பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் அவரைப் படுக்கவைத்து முழங்காலைத் தட்டிப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி, கால் கட்டைவிரலை அசைத்து, "மேலேயா, கீழேயா?" என்று கேட்டார். சொன்னதெல்லாம் தப்பு.

"ஐயா, தள்ளாட்டம்னா காதுலதான் கோளாறுன்னு நினைக்கிறாங்க. எல்லாருக்கும் அப்படி இல்ல. காலோட சேதி முதுகுத்தண்டு வழியாத்தான் மூளைக்குப் போகணும். உங்களுக்குக் கழுத்தெலும்பு அந்தத் தண்டை அழுத்துதுன்னு நினைக்கிறேன். இத்தனை நாளா கண்ணுதான் உங்களை நிமிர்த்தி வெச்சிருக்கு. ஸ்கேன்லயும் அப்படியே இருந்தா ஆபரேஷன்தான். இனிமே ஏணி பக்கம் போகாதீங்க. விழுந்தா கை கால் நாலுமே போயிடும்."

"எனக்கா? நோயாளி அவ டாக்டர்!"

அந்தம்மா உடைந்து அழுதாள்.

"மன்னிச்சிடுங்க டாக்டர். எனக்கு ஒண்ணுமே இல்ல. நான் சொன்னதெல்லாம் இவர் படுற பாடு. போன வாரம் குளியலறையில விழுந்தாரு. வழுக்கிடுச்சுன்னு சாதிச்சாரு. தரை காய்ஞ்சு கிடந்துச்சு. ஆஸ்பத்திரின்னு பேச்செடுத்தாலே சண்டை. எனக்கு முடியலன்னு நாலு நாள் முன்னாடி சொன்னேன், அன்னைக்கே இங்க நேரம் வாங்கி, இன்னிக்குக் கையில இருந்த வேலையைப் போட்டுட்டு இழுத்துட்டு வந்துட்டாரு."

நர்ஸ் திறந்த வாய் மூடவில்லை. அப்படியானால் நடந்து வரும்போது கையை இறுகப் பிடித்தது இவர் விழாமல் இருக்கத்தானா? என்ன சாமர்த்தியம்! அந்தம்மாவைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

ஆனால் அடுத்த நிமிஷமே அவர் பக்கம் திரும்பினாள். ஏமாற்றப்பட்ட மனுஷன் இப்போது என்ன ஆட்டம் ஆடப் போகிறாரோ? சாதாரணமாகவே அந்த வாய்!

அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். மனைவியை முறைத்துப் பார்த்தார். ஆபரேஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்போ... உனக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்லங்க."

"நிஜமா?"

"சத்தியமா இல்லங்க."

இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"அப்பாடா! நாலு நாளா செத்துப் பிழைச்சேன்டி."