அரை டம்ளர் தண்ணி

“யாரைக் கேட்டுத் தண்ணி குடிச்சாரு?”

டாக்டர் ஜெகதீஸ்வரன் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

கட்டிலில் பச்சை கவுனோடு உட்கார்ந்திருந்த சங்கையா தலையைக் குனிந்துகொண்டார். பரளச்சியில் விவசாயம். குடலிறக்கம். பதினோரு மணிக்கு ஆபரேஷன்.

“நாந்தான் டாக்டரய்யா குடுத்தேன்” என்றாள் மனைவி ஆவுடைத்தாய். “ராத்திரியிலருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. விடியக்காலம் நாக்கு ஒட்டிக்கிருச்சுன்னாக. மனசு கேக்கல. அரை டம்ளருதான்யா.”

“எப்ப குடுத்தாங்க?”

“ஆறு மணிக்காம் சார்” என்றாள் நர்ஸ் ரேணுகாதேவி. “ராத்திரிக்கு மேல எதுவும் குடுக்கக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்.”

“மயக்கம் குடுக்கையில வாந்தி எடுத்து, அது நுரையீரலுக்குள்ள போயிருச்சுன்னா யாரு பதில் சொல்றது? இன்னைக்கு ஆபரேஷன் கெடையாது. அடுத்த மாசம் பாப்போம்.”

ஆவுடைத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“அய்யா, அடுத்த மாசம் மழை விழுந்துரும்யா. விதைப்புன்னா இவுகள வீட்டுல கட்டிப்போட முடியாது. போன வருசமே உர மூடையத் தூக்கிட்டு, வலி தாங்காம வரப்புல விழுந்து கெடந்தாக. இன்னைக்கே முடிச்சு விட்ருங்கய்யா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

“குடுக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.”

டாக்டர் விறுவிறுவென்று தன் அறைக்குப் போய்விட்டார்.

“கட்டுன புருசனுக்கு நீயே எமனா வரலாமாத்தா? ஒரு ராத்திரி பொறுக்க முடியலயா?” என்றாள் பக்கத்துக் கட்டில் அம்மா. வார்டு மொத்தமும் ஆமாம் போட்டது. நியாயம்தானே! படித்தவர் சொன்னால் கேட்க வேண்டாமா?

“பாவி, நானே கெடுத்துட்டேனே” என்று ஆவுடைத்தாய் அழுதாள்.

“விடு புள்ள. கேட்டது நாந்தான” என்றபடி சங்கையா வேட்டிக்கு மாறினார்.

அறையில் டாக்டருக்கு வீடியோ மீட்டிங். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் என்ன செய்யவேண்டும் என்று நிபுணர்கள் வழிகாட்டி எழுதுகிறார்கள் அல்லவா, அந்த வழிகாட்டிகள் தரமானவையா என்று பார்த்து மார்க் போடும் குழுவில் நம்ம டாக்டரும் ஒருவர். சும்மா இல்லை, ஜில்லாவுக்கே அவர் ஒருத்தர்தான்.

ரேணுகாதேவி டீ கொண்டுவந்தபோது சென்னையிலிருந்து அந்தக் குழுவின் தலைவி கேட்டுக்கொண்டிருந்தார்.

“பட்டினி பத்தின பகுதிக்கு உங்க மார்க் என்ன டாக்டர்?”

“ஏழுக்கு ஏழு மேடம்! ஆபரேஷனுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும் தாராளமா தண்ணி குடிக்கலாம்னு ஆதாரத்தோட எழுதியிருக்காங்க. ராத்திரியெல்லாம் தொண்டை காயப் போடுறது அநியாயம் மேடம். நோயாளி பாவமில்லையா?”

ரேணுகாதேவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“சார்... அப்ப சங்கையாவ வேணா இன்னைக்கே...”

டாக்டர் மைக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மறுகையால் ‘வெளியே போ’ என்று சைகை காட்டினார்.

“இதை உங்க ஊர்ல நடைமுறைப்படுத்துறதுல ஏதாவது சிக்கல் இருக்கா டாக்டர்?”

ஜெகதீஸ்வரன் பெருமூச்சு விட்டார்.

“ஜனங்கதான் மேடம் சிக்கல். எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் பழைய பழக்கத்தை விடவே மாட்டேங்கிறாங்க!”