ஏழாம் பக்கம்

"இல்ல மேடம், பிலிம்ல குத்தம் இல்ல. எழுதும்போது என்னமோ ஆடியிருக்கு."

வேல்ராஜ் காலில் விழாத குறைதான். லேசர் ஒளியால் தகவல்களை எழுதிச் சேமிக்கும் ஹோலோகிராம் பிலிம் அது. கோவில்பட்டிக் கல்லூரி ஆய்வகத்தில் நாலு வருடம் மாரடித்து அவன் உருவாக்கியது. இன்றைய சோதனையில் தேறாவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்கள்.

பேராசிரியர் சங்கரம்மாள் கணினித் திரையைக் காட்டினார். பிலிமில் எழுதிய பத்துப் பக்கங்களில் ஒன்பது துல்லியம். ஏழாவது மட்டும் கலங்கிக் கிடந்தது. அதன் கீழே எழுதிய நேரம்: காலை 11.42.

"எப்படி ஆடும்? ஃபேனைப் போடல. ரூமைப் பூட்டி, சத்தம்கூட உள்ள வராம அடைச்சிருக்கோம். போனையும் அணைச்சாச்சு. ரயில் வராத நேரமாப் பாத்துத்தானே லேசரைப் போட்டோம்? சும்மா பழி போட ஆள் தேடாத."

"மேடம், பத்துப் பக்கத்தையும் ஒரே இடத்துல, ஒண்ணு மேல ஒண்ணாத்தானே எழுதுதோம்? லேசர் சாயுத கோணம்தானே மாறுது? பிலிம் கெட்டிருந்தா பத்தும்லா கெடணும்?"

சங்கரம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். மாணவனிடம் தோற்பதில் அவருக்கு ஒன்றும் பிரியமில்லை.

"சரிதான். அந்த ஒரு நிமிஷம் மட்டும் தரை லேசா அதிர்ந்திருக்கு. எதுனாலன்னுதான் தெரியல. போ, பிலிம் பாஸ்."

வேல்ராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எது ஆட்டியிருந்தாலும் அதுக்கு ஒரு தேங்கா உடைக்கணும் மேடம். பக்கம் கலங்கினதைப் பாத்ததுல இருந்து, என்னமோ ஆடியிருக்கணும்னு நான் வேண்டாத சாமி இல்ல."

"மொதல்ல வீட்டுக்குச் சொல்லு."

"ஆவுடைத்தாய்க்குத்தான் சொல்லணும். 'உங்க பிலிம் தேறுத வரைக்கும் நான் வேலைக்குப் போறேன்'னு இந்த வாரந்தான் போக ஆரம்பிச்சா. இனிமே போகாண்டாம்னு சொல்லிருதேன்."

வராந்தாவுக்கு வந்து போனை உயிர்ப்பித்தான். மனைவியின் எண்ணைத் தேடுவதற்குள் அதுவே அலறியது. கூப்பிட்டது அவள் அண்ணன் கடற்கரை.

"மாப்ள, எங்கன இருக்கீரு? எத்தன தடவ கூப்பிடுதேன்!" கடற்கரை அழுதுகொண்டிருந்தான். "பட்டாசு ஆலை வெடிச்சிட்டு மாப்ள. தங்கச்சி வேலை பாத்த ரூம்பு தரைமட்டமாயிட்டு. ஒருத்தரும் மிஞ்சல. பதினொண்ணே முக்கா இருக்கும்..."

வேல்ராஜ் திரும்பிப் பார்த்தான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம், ஏழாம் பக்கம் திரையில் இன்னும் கலங்கியே தெரிந்தது.

"இல்ல மச்சான்," என்றான். "பதினொண்ணு நாப்பத்திரண்டு."