இடைக்காலத் தடை

காணாமல் போன என் கணவர் இறந்துவிட்டதாகக் கீழ்க் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கினான் கொழுந்தன். வீட்டின் மேல் அவனுக்கு அவ்வளவு கண். நான் விடுவேனா? உயர் நீதிமன்றம் போனேன். ஆதாரமில்லை என்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார்கள்.

திரும்பி வந்து பூட்டைத் திறந்தால், உள்ளே அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

"எங்கடி போயிட்ட? டீ போடு."

டீ போட்டேன். எதையும் கேட்கப் பயந்து ஒரு வாரம் சோறு போட்டேன்.

இன்று அவர் டீயை வாயருகே கொண்டுபோனபோது வக்கீலின் போன் வந்தது.

"உங்க கொழுந்தன் உச்ச நீதிமன்றத்துல ஸ்டே வாங்கிட்டாரும்மா. மறு உத்தரவு வர்ற வரைக்கும் எல்லாம் அப்படியே இருக்கணுமாம்."

"எப்ப சார் வரும்?"

"வருஷக்கணக்காகும்."

திரும்பினேன். டம்ளர் உதட்டருகே நின்றிருந்தது. ஆவியும் நின்றிருந்தது. அவர் கண்கள் மட்டும் மெல்ல என் பக்கம் திரும்பின.