ஆர்டர் இல்லாத நாள்

"இங்க், ஃப்ளெக்ஸ், கரண்டு எல்லாம் சேத்து சதுர அடிக்கு எவ்வளவு விழும் அண்ணாச்சி?"

சங்கரன்கோவிலில் தன் பழைய பேனர் மிஷினை விலைக்குக் கேட்டு வந்த ஷிரின் பானுவிடம், மாரிராஜ் எதையும் மறைக்கவில்லை.

"ஏழெட்டு ரூவா ஆகும். ஆனா ஆர்டர் இல்லாத நாள்லயும் ஏதாவது அடிக்கணும்மா. இல்லன்னா இங்க் காஞ்சு பிரிண்ட் ஹெட் அடைச்சுப் போயிரும். அந்த வீண் செலவுதான் ஆளைக் கவுத்திரும்."

"அதையும் கணக்குல சேத்துட்டேன். மிஷின் எனக்கு வேணும்."

"ஆர்டர் இல்லாம என்னத்த அடிப்ப?"

அவள் செல்போனில் ஒரு முதியவரின் படத்தைக் காட்டினாள்.

"எங்க வாப்பா. மறதி நோய். போன வருஷம் வீட்டை விட்டுப் போனவுக, இன்னும் வரல. ஆர்டர் வராத அன்னைக்கெல்லாம் இந்தப் படத்தை அடிச்சு ஊர் ஊரா வைக்கப் போறேன்."

மாரிராஜ் எழுந்து மிஷினை ஓடவிட்டார்.

"படத்தை அனுப்பு மக்கா. முதல் போர்டு நம்ம பஸ் ஸ்டாண்டுக்கு."