கரண்ட் பில் பரீட்சை

“கதவச் சாத்திடுங்க. முடிக்காம யாரும் வெளிய போவக் கூடாது” என்றாள் கம்ப்யூட்டர் டீச்சர் கீர்த்தனா.

சக்கரபாணிக்குக் குப்பென்று வியர்த்தது. ஏசி போட்ட அறையில் அரைக் குடம் வியர்த்த மனிதரை வேங்கிக்கால் ஊர் அதுவரை பார்த்ததில்லை.

அடிப்படைக் கம்ப்யூட்டர் வகுப்பின் கடைசி நாள், கடைசிப் பரீட்சை. வகுப்பு மாடியில், கீழே படிக்கட்டை மறித்தபடி ஸ்கூட்டியோடு மருமகள் பூஜா. ஜன்னல் ஒன்று உண்டுதான். ஆனால் அதில் திருவண்ணாமலை மலையே முழுசாக வந்து உட்கார்ந்துகொண்டு, ‘எங்கேய்யா ஓடப் பார்க்கிறாய்?’ என்று முறைத்தது.

கூட்டுறவுச் சங்கத்தில் ஆயுசெல்லாம் பேனா பிடித்த கை அது. மவுஸை மேஜையில் ஓர் அங்குலம் நகர்த்தினால் திரையில் அம்புக்குறி செங்கம் ரோடு வரைக்கும் ஓடியது. பிடித்து இழுத்து வருவதற்குள் எதுவோ ஒரு பக்கம் திறந்துகொண்டது. அதை மூடப்போனால் அது நாலு குட்டி போட்டது.

“பயப்படாதீங்க சார். உங்க வீட்டு கரண்ட் பில்ல நீங்களே ஆன்லைன்ல கட்டணும், அவ்வளவுதான் பரீட்சை. கட்டிட்டா பாஸ். நாளையிலருந்து இந்தப் பக்கமே வர வேணாம்.”

“கட்டலன்னா?”

“இன்னும் ஒரு மாசம் என்கூடத்தான்!”

சக்கரபாணி ஜெயில் கம்பியைப் பிடிப்பதுபோல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

வரும் வழியெல்லாம் பூஜா ஓதிக்கொண்டே வந்திருந்தாள். “நாளைக்குக் கடைசித் தேதி மாமா. போன தடவ மாதிரி ஈபி ஆபீஸ் கியூவுல நின்னு, காலைல போனவரு மத்தியானம் வாடி வதங்கி வராதீங்க. இன்னிக்குப் பாஸ் பண்ணிட்டா பில்லு, பென்ஷன், வீட்டு வரி எல்லாம் வீட்லருந்தே. இனி வாசப்படியத் தாண்டவே வேணாம்!”

அதைக் கேட்டதும் சக்கரபாணிக்குக் கண் கலங்கிவிட்டது.

பூஜாவே போனில் ஒரு நொடியில் கட்டியிருப்பாள். ஆனால் கரண்ட் பில் தன் பென்ஷனிலிருந்துதான் போக வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். அதில் அவர் மலையைவிடக் கெட்டி.

பரீட்சை ஆரம்பித்தது. பக்கத்து சீட் ஜோதியம்மாள், “எழுத்து எறும்பு மாதிரி இருக்குதே” என்று முனகினாள். சக்கரபாணி எட்டி அவள் கீபோர்டில் எதையோ தொட, எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியது.

“கைதவறி பட்டுடுச்சும்மா” என்றார் பரிதாபமாக.

அவர் முறை வந்தது. கீர்த்தனா பின்னால் நின்று, இதைத் தொடுங்க, அதைத் தொடுங்க என்று சொல்லச் சொல்ல, பில் பக்கம் வந்தது, பேங்க் பக்கமும் வந்தது. டொக்கென்று அவர் போனில் ஓடிபி வந்து விழுந்தது.

“சீக்கிரம் சார், டைம் ஜாஸ்தி இல்ல!”

“கண்ணாடி... என் கண்ணாடி எங்க?”

சட்டைப் பையில் பார்த்தார். மேஜைக்கு அடியில் பார்த்தார். ஜோதியம்மாளின் கூடையைக்கூடக் கிளறினார்.

“நெத்தியிலதான் சார் இருக்குது!”

இறக்கி மாட்டுவதற்குள் ஓடிபி காலாவதியாகி, பேங்க் பக்கம் அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது.

“பரவால்ல சார். பாஸ்வேர்டு போட்டு மறுபடி உள்ள போங்க.”

ஒற்றை விரலால் கோழி அரிசி கொத்துவதுபோலக் கொத்தினார். தப்பு என்றது திரை. மறுபடி கொத்தினார். மறுபடியும் தப்பு.

“சார், இதான் கடைசி. பாத்து!”

அறையே மூச்சைப் பிடித்தது. சக்கரபாணி கண்ணை மூடி அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு, எழுத்தெழுத்தாக அழுத்தி முடித்தார். திரை சிவப்பாகிவிட்டது. கணக்கு ஒரு நாள் முழுக்கப் பூட்டப்பட்டிருக்கிறதாம்.

கீர்த்தனா அப்படியே நாற்காலியில் சரிந்தாள். “போன பேட்ச்லயும் இதேதான் சார் பண்ணீங்க. உங்கள பாஸ் பண்ண வெக்காம எனக்கும் விடுதலை கெடையாது போல.”

சேதி கேட்டு மேலே ஓடி வந்தாள் பூஜா. “அப்போ நாளைக்கு பில்லு?”

“அக்கவுண்ட் லாக் ஆயிடுச்சுங்க. நேர்ல போய்த்தான் கட்டணும்.”

“அய்யோ மாமா! எனக்கு நாளைக்கு லீவும் கெடையாதே. நீங்கதான் அந்த வெயில்ல போவணும்.”

“என்னம்மா பண்றது? என் தலையெழுத்து” என்று சக்கரபாணி பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் நோட்டீஸ் போர்டில் இருந்த காகிதங்களெல்லாம் படபடத்தன. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

பூஜா ஸ்கூட்டியைத் திருப்பி எடுக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. சங்கத்தில் கூட வேலை பார்த்த இருசப்பன்.

“இன்னாய்யா ஆச்சு? இங்க நம்ம ஜானி பாஷா, வாங்குன டீயக்கூடக் குடிக்காம ஒக்காந்துனு இருக்காரு.”

சக்கரபாணி பூஜாவின் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

“ஃபெயிலுதான்யா! நாளைக்குக் கியூவுல எனக்கும் எடம் போட்டு வைங்க!”