மூலைக்கு ஒரு பூச்சாடி

"செருப்பை ஓரமா விடுக்கா" என்றார் தம்பி, கதவைத் திறந்ததும்.

அழைப்புமணி அடிக்கும் முன்பே அவருக்குத் தெரியும். அக்காவின் செருப்பு தெருமுனையிலேயே பேச ஆரம்பித்துவிடும்.

"வந்தவளை வான்னு சொல்லலே. செருப்புக்குத்தான் முதல் மரியாதையா?"

தம்பிக்கு அறுபது தாண்டியாயிற்று. இருந்தாலும் அக்காவுக்கு அவர் இன்னும் 'டா'தான்.

உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நிற்பாள் என்று எதிர்பார்த்ததுதான். பதிலைக் காலையிலிருந்து வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தார்.

கூடத்தில் ஒரு சுவரை ஒட்டி சோபா. எதிர்ச்சுவரை ஒட்டி ஒரு நாற்காலி. நடுவில் வெறும் தரை. ஷோகேஸ் இல்லை, தரைவிரிப்பு இல்லை, டீபாய் இல்லை.

"என்னடா இது? லாரி வர்றதுக்குள்ள நான் வந்துட்டேன் போல."

"மினிமலிசம்க்கா. வேண்டாத சாமானைக் கழிச்சுட்டு, கொஞ்சமா, சுத்தமா வெச்சுக்கறது. இப்ப இதுதான் ஸ்டைலு."

வானொலியில் ஒரு பெண் பேசக் கேட்டுப் பிடித்து வைத்திருந்த வார்த்தை. பொருள் குறைந்தால் மனம் விரியும் என்றாள் அவள். மனம் விரிந்ததா தெரியவில்லை. இருமினால் வீடு திருப்பி இருமியது.

"டீபாயுமா? அவ கடைகடையா ஏறி இறங்கி வாங்கினதுடா."

தம்பியின் மனைவியைச் சொல்கிறாள். அவள் போய் இரண்டு வருடமாகிறது. டீபாயைத் தூக்கிக் கொடுத்த அன்று அவருக்கும் சோறு இறங்கவில்லைதான்.

ஆனால் டீபாய்க்கு நான்கு முனைகள்.

வாழ்நாளெல்லாம் ஊரார் வீடுகளுக்கு வரைபடம் போட்டவர் அவர். தன் வீட்டுக்குக் கடைசியாகப் போட்ட வரைபடம் மட்டும் காகிதத்தில் இல்லை.

அக்கா எதற்கு வந்திருக்கிறாள் என்பது இருவருக்கும் தெரியும். அவள் வீட்டின் பின்பக்க அறையை மாமா ஒழித்து வைத்திருக்கிறார். தனியாகக் கிடக்காதே, வந்துவிடு என்று போனில் சொல்லி அலுத்து, நேரில் பார்த்து முடிவு செய்ய வந்திருக்கிறாள். தம்பியால் சமாளிக்க முடியவில்லை என்று சின்னதாக ஒரு சந்தேகம் வந்தால் போதும். பெட்டியைக் கட்டிக் கையோடு கூட்டிப் போய்விடுவாள்.

அங்கே நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார்கள். ஒரு தம்ளர் தண்ணீருக்கு நாலு பேர் எழுந்து ஓடுவார்கள். அவருக்கு அதுதான் பயம்.

தேநீரை முன்பே ஊற்றி, தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தார்.

"ஆறிப்போச்சுடா" என்றாள் அக்கா. ஆனாலும் குடித்து முடித்தாள்.

அப்புறம் காகிதம் பிரியும் சத்தம்.

"வீடு மொட்டையா இருக்கு. இந்தப் பூச்சாடியை ஜன்னல் மூலையில வெச்சுக்கோ. எப்படி இருக்கு, சொல்லு."

"நல்லாருக்குக்கா. கலர் எடுப்பா இருக்கு."

அக்கா பதில் சொல்லவில்லை.

தெருவில் ஏதோ ஒரு வண்டி வந்து, நின்று, போயிற்று.

சின்ன வயதில் சண்டை வந்தால் இருவரும் நாள்கணக்கில் பேசாமல் இருப்பார்கள். அவளுடைய எந்த மௌனம் கோபம், எந்த மௌனம் சமாதானத்துக்குக் காத்திருப்பது என்று அவருக்கு அத்துப்படி. இது அந்த வகை எதிலும் சேரவில்லை.

பிறகு, ஜன்னல் பக்கம், கண்ணாடிச் சாடி தரையில் உட்காரும் மெல்லிய ஓசை.

"சரி, கிளம்பறேன்."

"அந்தப் பின் ரூம் விஷயம்..." அவரே ஆரம்பித்தார்.

"அது கிடக்கட்டும்டா. எங்கே போயிடப் போகுது. உனக்கா எப்பத் தோணுதோ, அப்ப வா."

மறுபடியும் காகிதம் சரசரத்தது. சுற்றிவந்த தாளைக்கூட விடாமல் மடித்து எடுத்துப் போகிறவள். அக்கா மாறவே இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

போகும்போது அவர் தோளைப் பிடித்தாள். பிடித்த கையை உடனே எடுக்கவில்லை.

"நீ வராதே. கேட்டை நானே சாத்திக்கிறேன்."

கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் தம்பி பெருமூச்சு விட்டார். ஜெயித்தாயிற்று.

இனி அந்தப் பூச்சாடியைப் பழக வேண்டும். வீட்டுக்குள் வந்த புதுப்பொருள் எதுவானாலும் அன்றைக்கே கைக்கும் காலுக்கும் அறிமுகமாகிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது காத்திருந்து வாரிவிடும்.

வலது உள்ளங்கையைச் சுவரில் வைத்துத் தேய்த்தபடியே நடந்தார். போன மழைக்காலத்திலிருந்து கண்ணில் தேங்கிப்போன சாம்பல் மூட்டத்தில், ஜன்னல் மட்டும் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. அதை நோக்கிக் காலால் துழாவித் துழாவிப் போனார். மண்டியிட்டு இரண்டு கைகளையும் தரையில் பரப்பினார்.

வெறும் தரை.

மூலையைத் தடவினார். அடுத்த மூலையை. நாற்காலிக்கு அடியில். ஒன்றும் தட்டுப்படவில்லை. வழியில் எங்கோ நிற்கிறதோ என்ற பயத்தில் கைகளை இழுத்துக்கொண்டார். தன் வீட்டிலேயே எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் அப்படியே இருந்தார்.

அப்போதுதான் அந்தக் காகிதச் சத்தம் நினைவுக்கு வந்தது.

மடித்த சத்தம் இல்லை அது. சாடியைத் திரும்பச் சுற்றிய சத்தம்.

அந்தக் கண்ணாடிக்கு நிறம் என்று ஏதாவது இருந்ததா? இனி அதை அவர் யாரிடமும் கேட்க முடியாது.

மண்டியிட்டபடியே காதைத் தீட்டிக்கொண்டார். கேட் சாத்திய சத்தம் கேட்டு எவ்வளவோ நேரமாகிவிட்டது.

தெருவில் செருப்புச் சத்தம் இன்னும் கேட்கவில்லை.