மாடிப் பல்லும் கீழ்வீட்டு உதடும்

வசுமதியின் வாயில் மேல்பல்லுக்கும் கீழ் உதட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சண்டை ஒன்றுமில்லை, மாடிவீடு, கீழ்வீடு என்ற கௌரவம்தான்.

விமான நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கும் வேலைக்கு அன்று அவளுக்குக் குரல் தேர்வு. "ஃப்ளைட்" என்று வாசிக்க வேண்டும். அவளோ வீட்டிலிருந்தே "ப்ளைட், ப்ளைட்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ஆ, ஓ எல்லாம் யாரையும் தொடாம வெளியே போயிடும். இதுக்குப் பல்லு வந்து உதட்டு மேல லேசா உட்காரணும். இல்லேன்னா வேலை போச்சு," என்றது நடுவில் புரண்டுகொண்டிருந்த நாக்கு.

"நான் இறங்கி வரணுமா? அது ஏறி வரட்டும்," என்றது பல்.

கீழ் உதட்டுக்குப் பொறுக்கவில்லை. "ஏன், மாடிவீட்டு மகாராணிக்குக் கால் வலியோ? பக்கத்துல போனாலே கடிக்கிற ஜென்மம். நான் அசைய மாட்டேன்."

"நல்லா இருங்கடி. வேலை கிடைக்காம இவ அழுதா, துடிக்கப்போறது நீதான்," என்றது நாக்கு.

உதட்டுக்கு உள்ளூர உதறல்தான். ஆனாலும் வீம்பை விடவில்லை.

மைக் முன்னால் உட்கார்ந்ததும் வசுமதி கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பயம் வந்தால் அதுதான் அவள் வழக்கம். கடித்தபடியே மூச்சை விட்டு வாசித்தாள். "ஃப்ளைட்" அழகாக வந்து விழுந்தது.

வேலை கிடைத்துவிட்டது. இப்போது பல்லும் உதடும் நாளெல்லாம் சேர்ந்துதான் உழைக்கின்றன. கேட்டால் மட்டும், "பாவம், அதுவாத்தான் என்கிட்ட வந்துது," என்று இரண்டுமே நாக்கிடம் சொல்கின்றன.